உதட்டால் படித்த பி.ஏ.

நான் பி.ஏ. வரலாறு படித்தவன். அதுவும் தறி ஓட்டிக்கொண்டே, அஞ்சல் வழியில்.

சரி, பொய். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். வாத்தியார்தான் தொல்லை தாங்காமல் என்னைத் தூக்கி வெளியே வைத்தார். பி.ஏ. படித்தது என் மனைவி. நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். பெண் பார்க்கப் போனபோது அவள் பிளஸ் டூ முடித்திருந்தாள். காப்பியைக் கொடுத்துவிட்டு, "மேல படிக்க விடுவியளா?" என்று என்னிடமே நேராகக் கேட்டாள். அத்தனை பேர் முன்னால் கேட்டதும் எனக்கு வாய் நிற்கவில்லை. "காலேஜையே வாங்கித் தாரேன்" என்றேன். கடைசியில் என்னால் வாங்கித் தர முடிந்தது அஞ்சல் வழிப் படிப்புதான்.

இருவருக்கும் இராஜபாளையத்தில் ஒரே தறி செட்டில் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற இடம். நான் தறி ஓட்டினேன். அவள் எதிர்ச் சுவரோரம் மிஷினில் நூல் சுற்றினாள். தறிகள் ஓடும்போது உள்ளே இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் யாரும் கத்திப் பேசுவதில்லை. உதட்டை மட்டும் அசைப்போம், எதிரில் இருப்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். சண்டை, சமாதானம், சாயங்காலம் என்ன குழம்பு, எல்லாம் உதட்டில்தான்.

அவள் படிப்பும் அப்படித்தான் நடந்தது. தபாலில் வந்த பாடத்தை மிஷினுக்கு மேலே செருகி வைத்து ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் ஒப்பிப்பாள். எங்காவது திணறினால் நான் உதட்டாலேயே அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பேன். பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம். பானிபட் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் என்று நினைத்திருந்தேன், ஆனால் அங்கே யார் ஜெயித்தார்கள் என்று தூக்கத்திலும் சொல்வேன்.

வீட்டில் உட்கார்ந்தால் அவளுக்கு ஒன்றும் வராது. "தறிச் சத்தம் இல்லாம மண்டைல ஏற மாட்டேங்குங்க" என்பாள். நான் தாம்பாளத்தை எடுத்து டப்டப்பென்று தட்டுவேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்குய்யா சாமி வந்திருக்கு?" என்று கேட்பார்.

என் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "இந்தத் தடவ தேறலைன்னா புஸ்தகத்த மூட்ட கட்டிப் பரண்ல போட்டுரணும்" என்று சொல்லிவிட்டாள். முதல் வருஷப் பரீட்சைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போகும்போது என் மனைவி வழி நெடுக என் கையை விடவில்லை. "அத்த சொன்னா சொன்னதுதான். இது போனா அம்புட்டும் போச்சுங்க."

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில். நான் சாப்பாட்டுத் தூக்கோடு சன்னலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றேன். அவள் எழுத ஆரம்பித்தாள். கூடவே பழக்க தோஷம், உதடும் அசைய ஆரம்பித்தது. கண்காணிக்க வந்த சார் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பக்கத்துல யாருக்குச் சொல்லிக் குடுக்க? பேப்பரக் குடு."

அவள் எழுந்து நின்று பதில் சொன்னாள். பயத்தில் குரலே வரவில்லை. அப்போதும் உதடுதான் அசைந்தது. அவர் பேப்பரில் கை வைத்துவிட்டார்.

நான் ஓடிப்போய்ச் சன்னல் கம்பியைப் பிடித்தேன். "சார், சார்! அவ யாருக்கும் சொல்லலை. எங்க பொழப்பே அப்படித்தான் சார்."

"நீ யாருய்யா?"

"புருஷன் சார்."

"அதுக்குச் சன்னல்ல தொங்கணுமா?"

தறிச் சத்தத்தில் பேசுகிற விதத்தை மூச்சு விடாமல் சொன்னேன். அவர் நம்பவில்லை. கரும்பலகைப் பக்கம் போய் நின்று, சத்தமில்லாமல் ஏதோ சொல்லிவிட்டு, "என்ன சொன்னேன்?" என்றார்.

"'இவன் சரியான லூசுப்பய'ன்னு சொன்னிய சார்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. அவருக்கும் அடக்க முடியவில்லை. பேப்பரைத் திருப்பிக் கொடுத்து, அவளைச் சன்னலோர பெஞ்சுக்கு மாற்றினார். "வெளிய பாத்து என்னமும் சொல்லிக்கோம்மா. மரம் காப்பியடிக்காது." அப்புறம் என்னைப் பார்த்து, "நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு. உன்னையத்தான் நம்ப முடியாது" என்றார்.

விவரமான மனுஷன்.

மரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஒரு இடத்தில் அவள் எப்போதுமே திணறுவாள். கஜினிக்காரனுக்கும் கோரிக்காரனுக்கும் நடுவில். அந்த இடம் வருகிற நேரம் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்தது. வாய் தன்னால் எடுத்துக்கொடுக்கத் துடித்தது. துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். ரோட்டில் போன ஒருவர், "பல்வலியாண்ணே? கிராம்பு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்ததும் திரும்பினேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். முகமெல்லாம் வேர்வை. உதடு மட்டும் சொன்னது: "அந்த எடத்துல நானே தாண்டிட்டேன்."

தூக்கைத் திறந்து கொடுத்தேன்.

அவள் தேறிவிட்டாள் என்று ரிசல்ட் தபாலில் வந்த அன்று என் அம்மா அடித்த கூத்து இருக்கிறதே, தெருவில் ஒரு வீடு விடாமல்...

இதோ, என் மனைவி அடுப்படி வாசலில் வந்து நிற்கிறாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, இருந்தாலும் உதடுதான் அசைகிறது. "கத அளந்தது போதும். சிலிண்டர் வந்திருக்கு, வந்து தூக்குங்க."

வாரேன்ட்டி, வாரேன்.