கட்டிப்போட்ட கார்

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, என் மகள் மூச்சுக்குத் திணறிய ஒரு காலையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

2011-ஆம் வருஷம், மழைக்காலம். எங்களுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். பிழைப்புக்காகத் தெலுங்கு பேசும் ஊரில், ஹப்சிகுடாவில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி வேலை. அந்த மாதம் கம்பெனி அவரை வேறு ஊருக்கு அனுப்பியிருந்தது. வீட்டில் நானும் ஏழு வயது ஷைனியும்தான். அவளுக்குச் சின்னதிலிருந்தே வீசிங் உண்டு. நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்லுவாள். எனக்கோ இத்தனை வருஷமாகியும் தெலுங்கு காய்கறிக் கடையைத் தாண்டவில்லை.

அன்றைக்கு பந்த். காலையில் பல் தேய்க்கும்போதே ஷைனிக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் கொடுத்தேன். கேட்கவில்லை. மறுபடியும் கொடுத்தேன். கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் எழும்பியது. உதட்டில் நீலம் தெரிந்தது. இப்படி ஆனால் வீட்டில் வைத்திருக்கவே கூடாது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

தெருவில் ஓர் ஆட்டோ இல்லை. ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். ரோட்டில் கல்லும் டயரும் போட்டிருக்கிறார்கள், வர நேரமாகும் என்றார்கள். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மருந்துக் கம்பெனிக்குள் போவதென்றால் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மேல்வீட்டில் பூட்டு. வாட்ச்மேன் அப்பாராவ் ஸ்ரீகாகுளத்தில் யாருக்கோ கல்யாணம் என்று கிளம்பிப் போயிருந்தான். எனக்கு மிச்சமிருந்தது கீழே நின்ற எங்கள் பழைய கார் ஒன்றுதான்.

லைசென்ஸ் எல்லாம் எடுத்தவள்தான் நான். ஆனால் ஒருநாள் கேட் தூணில் உரசினேன், அதிலிருந்து அதைத் தொடவே இல்லை. வீட்டுக்காரர் ஊருக்குப் போன அன்று அப்பாராவ் காருக்கு உறை போட்டு, சுற்றிக் கயிறு கட்டினான். பிறகு என்னிடம் வந்து, "காரு கட்டேசானம்மா" என்றான். "சரிப்பா, நல்லாக் கட்டு" என்றேன். கண்ணெதிரே கயிறு தெரியும்போது வேறென்ன நினைப்பேன்?

காய்கறிக் கத்தியால் அந்தக் கயிற்றை அறுத்து, உறையை இழுத்துப் போட்டேன். ஷைனியைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தேன். "மக்களே, கொஞ்சம் பொறுத்துக்கோ. அம்மா இப்ப வண்டிய எடுக்கேன்" என்று சாவியைத் திருகினேன்.

ஒன்றுமில்லை. ஒரு சின்ன சத்தம்கூட இல்லை. முன்னால் எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஹாரனை அமுக்கினேன், அதுவும் ஊமை. பெட்ரோல் முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. பெட்ரோலும் இல்லை போலிருக்கிறது, பந்த் அன்றைக்கு எந்த பங்க்கைத் திறந்து வைத்திருப்பான்? திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினேன். பக்கத்தில் பிள்ளையின் நெஞ்சு மட்டும் விசில் மாதிரிச் சத்தம் போட்டது. இவளை இந்தச் சீட்டிலேயே பறிகொடுக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து வாய்விட்டுக் கதறினேன். எங்கள் சபையில் கஷ்டம் வந்தால் கட்டுகள் அவிழ வேண்டும் என்றுதான் ஜெபிப்போம். எனக்கும் அதுதான் வாயில் வந்தது. "ஏசப்பா, இந்தக் கட்ட அவுத்துவிடும். எல்லாக் கட்டையும் அவுத்துவிடும். கட்டு... கட்டு..." அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

அப்போது ஷைனி என் கையைத் தொட்டாள். மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு, "ஏதி... கட்டேயாலம்மா?" என்றாள்.

எதை அணைக்க வேண்டும் என்று கேட்கிறாள்! ராத்திரி படுக்கும்போது "லைட் கட்டேய் அம்மா" என்பாளே, அதே வார்த்தை. நான் எதையோ அணைக்கச் சொல்வதாக நினைத்துவிட்டது, பாவம். அப்பாராவும் அதே வார்த்தையைத்தானே சொன்னான்! கயிறு கட்டியதை அவன் சொல்லவில்லை. காரையே அணைத்துவைத்திருப்பதைச் சொல்லியிருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் பேட்டரி ஒயரைக் கழற்றி வைப்பார். நான் வீட்டில் இருக்கும்போதும் இவனிடம் கழற்றச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஓடிப்போய் பானெட்டைத் திறந்தேன். கறுப்பு ஒயர் கழன்று, பழந்துணி சுற்றிக் கிடந்தது. துணியைப் பிய்த்தெறிந்துவிட்டு அதைப் பேட்டரியில் வைத்து அழுத்தினேன். ஸ்பேனருக்கு எங்கே போக? கால் செருப்பைக் கழற்றி, அது இறங்கும்வரை அடித்தேன். திரும்ப வந்து சாவியைத் திருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்ரோல் முள் மெதுவாக எழும்பிப் பாதியில் நின்றது. கார் இரண்டு தரம் இருமிவிட்டுக் கிளம்பியது. நான் சத்தமாக அழுதேன்.

ஆஸ்பத்திரி இருக்கும் தார்நாகா போகும் வழியில் கம்போடு நாலைந்து பேர் மறித்தார்கள். கண்ணாடியை இறக்கினேன். எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தைத் தெலுங்கும் பயத்தில் மறந்துவிட்டது. ஷைனியின் நெஞ்சுச் சத்தம் அவர்களுக்கே கேட்டது. ஒருவர் கம்பைக் கீழே போட்டு, "பாப்பகி பாகலேதுரா, பண்டி வதலண்டி" என்று கத்தினார். பிள்ளைக்கு முடியவில்லை, வண்டியை விடுங்கள் என்று அர்த்தம். ஓடிப்போய் டயர்களை இழுத்து ஒதுக்கியவரும் அவர்தான். அவருக்காக இன்றும் ஜெபிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், மருந்துப் புகை கொடுத்தார்கள். மத்தியானம் ஷைனி கண்ணைத் திறந்து, "ஆகலேஸ்தோந்தி அம்மா" என்றாள். பசிக்கிறதாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சாயந்தரம் வீட்டுக்காரர் போனில் பதறினார். "பேட்டரியக் கழத்தி வைக்கச் சொன்னேனே, வாட்ச்மேன் உங்கிட்ட சொல்லலியா?"

"சொன்னான்" என்றேன்.

இப்போது ஷைனியிடமே தெலுங்கு படிக்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நான்தான் காரை ஓட்டுகிறேன். பயத்தில் இருக்கிற என் பிரியமானவர்களே, ஜெபிக்க அழகான வார்த்தை வரவில்லையே என்று கலங்காதீர்கள். எனக்கு ஒரே வார்த்தைதான் வந்தது, அதுவும் பாதியில் நின்றது. நான் தமிழில் கேட்டேன், ஆண்டவர் தெலுங்கில் பதில் கொடுத்தார். நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள்.

இன்றைக்கும் ராத்திரி ஷைனி "லைட் கட்டேய் அம்மா" என்பாள். அணைத்துவிட்டு, அவள் மூச்சு சீராக வருவதைக் கேட்டு, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன்.