கண்ணையன் ஊற்றிய கெட்டி எண்ணெய்

வைத்திக்குப்பத்துக்கு வந்தால் கண்ணையனிடம் எண்ணெய் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைக்கு உங்கள் வேலை கெட்டது. பக்கத்து வீட்டுக்காரன் சொல்கிறேன். அவர் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். எந்த எண்ணெயையும் இரண்டு சொட்டு விரலில் தேய்த்து, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொறுக்கி வந்த பிரெஞ்சுக்காரன் காலத்துக் கை ட்ரில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், தராசு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் புட்டி வைத்திருக்கிறார். "நம்ம புள்ளைக்குக்கூட இவ்ளோ டானிக் வாங்கிக் குடுத்ததில்ல" என்பார் அவர் மனைவி அமிர்தவல்லி.

அமிர்தவல்லி ஜாக்கெட் தைப்பவர். காலால் மிதித்து ஓட்டும் அவருடைய தையல் மெஷின் அவர் அம்மா வைத்துத் தைத்தது. அதற்குத் தண்ணீர் மாதிரி இருக்கும் மெஷின் எண்ணெயை அவரே விடுவார். கண்ணையன் அதைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

போன மாசியில் சட்டம் மீறப்பட்டது. மெஷின் லொடலொடவென்று சத்தம் போடுவது கண்ணையனுக்குப் பொறுக்கவில்லை. தேய்ந்த படகு இன்ஜினுக்குக் கெட்டி எண்ணெய் ஊற்றினால் சத்தம் அடங்கும். இதுவும் தேய்ந்ததுதானே? மனைவி மீன் வாங்கப் போன நேரம் பார்த்து, எண்ணெய் விடும் துளை ஒவ்வொன்றிலும் இன்ஜின் ஆயிலை ஊற்றினார். சத்தம் அடங்கியது. கூடவே மெஷினும்.

தவளக்குப்பம் தையல்நாயகியின் மகளுக்கான கல்யாண ஜாக்கெட் அப்போது பாதியில் இருந்தது. திரும்பி வந்த அமிர்தவல்லி மிதித்தார். சேற்றில் கால் வைத்த மாதிரி இருந்தது. அழுத்தி மிதித்தார். உள்ளே இருந்த பழைய அழுக்கோடு ஒரு கறுப்புச் சொட்டு இறங்கி ஜாக்கெட்டின் பட்டுக் கையில் விழுந்தது. அவர் திட்டவில்லை. அதுதான் கண்ணையனுக்குப் பயம். உடனே மண்ணெண்ணெய் எடுத்து மெஷினைக் கழுவ ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தையல்நாயகி வந்து நின்றார்.

"இன்னாக்கா இது? நாளைக்கு முகூர்த்தம்!"

"மெஷின் பழசும்மா, எண்ணெய் கக்கிடுச்சி" என்றார் அமிர்தவல்லி.

"இந்தக் கட்டைய வெச்சிகினு கல்யாண ஆர்டர் எதுக்கு எடுக்கற? குடு, டவுன்ல வேற ஆளப் பாத்துக்கறேன்."

அமிர்தவல்லியின் முகம் செத்துவிட்டது. இந்தப் பேச்சு தவளக்குப்பத்துக்குப் போனால் அந்தப் பக்கத்திலிருந்து இனி ஒரு ஜாக்கெட் வராது.

கண்ணையன் தன் தப்பை ஒப்புக்கொண்டு நாங்கள் பார்த்ததில்லை. அவர் சரிசெய்த இன்ஜின் நடுக்கடலில் நின்றபோது கடல்மேல் குற்றம் சொன்ன மனுஷன். அவர் எழுந்தார்.

"மெஷின் மேல தப்பில்லமா. அவ மேலயும் இல்ல. நான்தான் படகு ஆயில ஊத்திட்டேன். எனக்குத் தெரியல."

"தெரியலயா? உனக்கா?" என்றார் அமிர்தவல்லி.

"தெரியல."

எண்ணெய்க்குத் தீர்ப்புச் சொல்கிறவர் வாயில் இந்த வார்த்தையா என்று தையல்நாயகி சிரித்தே விட்டார். சேலையிலிருந்து வெட்டிய ஜாக்கெட் துணியில் இன்னொரு கை வெட்ட மிச்சம் இருந்தது. "சரி, முடிச்சிக் குடு, உக்காந்திருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கண்ணையன் மெஷினைத் துடைத்து முடித்து, மெஷின் எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்தார்.

"எங்கெங்க வுடணும்? நீ சொல்லு."

அமிர்தவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் விரல் வைத்துக் காட்டிக்கொண்டே போக, கண்ணையன் வாயைத் திறக்காமல் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனார்.