சரிதா வளர்க்கும் கிருமிகள்

மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கண்ணாடிச் சாடிக்குள் இறக்கி, மூடியை இறுக்கி, சுடர் தானாக அணையும்வரை சரிதா நகர மாட்டார். சாடிக்குள் ஆட்டு ரத்தம் கலந்த கூழ் ஊற்றிய தட்டுகள்; தட்டுகளில் நிமோனியாக் கிருமி. "கொஞ்சம் புழுக்கமா இருந்தாத்தானுங்க அதுக்கு வளரப் பிடிக்கும்" என்பார். நாமக்கல்லில் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் உடன் வேலை செய்கிறவர்கள், பூசை முடிந்ததா என்று தினமும் கேலி செய்வார்கள். திருநீறுதான் இல்லை என்று சரிதாவும் கையை விரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடுவார். லாரிப் பட்டறையில் வேலை செய்யும் கணவர் கதிர்வேல், சேந்தமங்கலத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு முணுமுணுத்தபடி போவார். என்ன செய்வது? இந்தக் கிருமியை ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் தட்டிலேயே தானாகச் செத்துக் கரைந்துபோகும். "ரோசக்காரக் கிருமிங்க" என்கிறார், பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. அவர் வேலையைப் பார்க்கப் போயிருந்த நான் ஓரடி தள்ளியே நின்றேன்.

இரண்டு தட்டுகளைக் காட்டினார். கேரம் காய் மாதிரி நடுவில் குழி விழுந்த புள்ளிகள், சுற்றிலும் பாசிப்பச்சை. என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். "பேரு ஒண்ணுதானுங்க. குணம் வேற வேற" என்றார். பக்கத்தில் செத்துக் கிடக்கும் கிருமியின் மரபணுத் துண்டைக்கூட எடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளுமாம். அப்புறம், நேற்றுவரை கொன்ற மருந்து இன்று அதை ஒன்றும் செய்யாதாம். அடப்பாவி என்றிருந்தது.

ஆனால் சரிதாவுக்குக் கோபம் வருவதெல்லாம் மனிதர்கள் மேல்தான். நான் போன அன்று சாடிக்குள் இருந்தது கோழிப்பண்ணைக்காரர் செங்கோட்டையனின் சளியில் வளர்ந்த கிருமி. இருமல் வந்தால், கோழிகளுக்குத் தண்ணீரில் கலக்கும் மருந்தையே தானும் ஒரு மூடி ஊற்றிக் குடித்துவிடுகிறவர் அவர். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார். அத்தனை கோழிக்கும் கேட்கிற மருந்து தனக்குக் கேட்காதா என்பது அவர் கட்சி. இப்போது இரண்டு நுரையீரலிலும் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடக்கிறார். கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. எது கேட்கும் என்று சரிதாவின் தட்டுதான் சொல்ல வேண்டும். செங்கோட்டையனின் மகள் கிருத்திகா காலையிலிருந்து பரிசோதனைக்கூட வாசல் பெஞ்சிலேயே இருந்தாள்.

"கோழியக் கோழி டாக்டரு பாக்கோணும், மனுசன மனுச டாக்டரு பாக்கோணும். இவரு ரெண்டு பேரையும் உட்டுப்போட்டாருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சரிதா தட்டை வெளியே எடுத்தார்.

தட்டின் மேல் வெவ்வேறு மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகள். முதல் வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஓரத்து வில்லையைச் சுற்றி மட்டும் கிருமியே இல்லாத அகலமான வளையம். அளவுகோலை வைத்துப் பார்த்தார். தட்டைத் திருப்பி மறுபடியும் வைத்தார்.

"இதுக்குக் கேக்குதுங்க" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. முன்பின் தெரியாத அந்த மனிதருக்காக எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

முடிவை நோயாளி வீட்டாரிடம் சொல்லக் கூடாது, டாக்டரிடம்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. சரிதா விதியை மீறவில்லை. கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவினார். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கிருத்திகாவின் பெஞ்சை ஒட்டி நின்று, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல டாக்டரிடம் உரக்கப் பேச ஆரம்பித்தார்.