மாரியண்ணன் இல்லாத டேசன்

ரங்கூன் பபேடானில் மகள் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பேத்தி போனைப் பார்த்துவிட்டு, ஊ மாரிமுத்து இறந்துவிட்டார் என்று பர்மியில், 'ஊ' போட்டு மரியாதையாகச் சொன்னாள். கத்தியை வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.

ரங்கூனிலிருந்து கியாக்தான் போகும் ரயில் பாதையில் எங்கள் ஊர் டேசன் சின்னது. சிவப்புக் கொடி காட்டினால்தான் வண்டி நிற்கும். கொடி காட்டியவர் மாரியண்ணன்.

அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ரங்கூன் ஆஸ்பத்திரியில் என் அம்மா கிடந்த நாளில், வயல் வரப்பில் கத்திக்கொண்டே ஓடி வந்தேன். பார்த்தும் வண்டியை விட்டுவிட்டார். கேட்டதற்கு, "வண்டி என்ன ஒங்கப்பன் வீட்டு மாட்டு வண்டியா தங்கச்சி, நீ வர்ற வரைக்கும் நிக்க?" என்றார். அம்மாவின் முகத்தை நான் உயிரோடு பார்க்கவில்லை. அதை மறக்கவும் இல்லை.

பிறகு பஸ் வந்தது. ஊர்ப் பிள்ளைகள் லைங் தாயா ஆலைகளுக்குத் தையல் வேலைக்குப் போனார்கள். மாரியண்ணனுக்கும் வயதாகி வேலை முடிந்தது, அடுத்த ஆளைப் போடவில்லை. சம்பளமில்லாமல் அவரே வெளுத்த பழைய ரயில்வே சட்டை போட்டு, ஏற ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தினார். வண்டி நிற்காத டேசனை எடுத்துவிட்டுக் கிடங்கு கட்டுவதாகப் பேச்சு இருந்தது.

"யாருக்குண்ணே இது?" என்றேன் ஒருமுறை.

"போன புள்ளைங்க ஒருநா திரும்பி வரும். எறங்க எடம் வேணாமா?"

இறங்குகிறவர்கள் முன்னாலேயே கார்டிடம் சொல்லவேண்டும் என்பது சட்டம். எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. அவர்தான் நிற்பாரே. அவர் சாவுக்கு வந்த அன்றைக்கும் நான் சொல்லவில்லை. ஜன்னலில் டேசன் வந்தது, போனது. கியாக்தானில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது குழியில் மண் தள்ளி முடித்திருந்தார்கள். அவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவர் மகளிடம் கொடியை வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன். வண்டி நின்றது.

கார்டு எட்டிப் பார்த்து, "யார் எறங்குறது?" என்று பர்மியில் கேட்டான்.

"யாருமில்ல. நான் ஏறணும்."

"நாளைக்கு யாரும்மா கொடி காட்டுவாங்க?"

கூட வந்திருந்த அவர் மகளைப் பார்த்தேன். அவளுக்கு விடிந்தால் லைங் தாயாவில் வேலை. கொடியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறினேன்.

போய் வாருங்கள் மாரியண்ணே. அன்றைக்கு விட்ட வண்டிக்கு என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் நிற்காத ஊரில் எனக்கு இறங்கத் தெரியவில்லை.