தேய்மானம் என்றார் டாக்டர்

டாக்டர் என் கழுத்தைத் தொடவே இல்லை. இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான். எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கழுத்தெலும்பு தேய்மானம்" என்றார். கழுத்துக்குப் பட்டை எழுதினார், மாத்திரை எழுதினார், கழுத்தை ரொம்ப அசைக்காதே, குனிந்து வேலை பார்க்காதே என்றார். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கேட்டிருக்கலாம். எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இனிமேல் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதோடு, அவர் சொல்லப்போகும் பதிலுக்கும் பயம்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். இருபத்திரண்டு வருஷமாக என் பொறுப்பில் நாலு தறி. பாவில் ஓர் இழை அறுந்தால் குனிந்து முனையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை இழை அறும் என்று கணக்கில்லை. அப்படிப்பட்டவனிடம் தேய்மானம் என்றால் அவனுக்கு என்ன விளங்கும்? தறியில் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்துவிட்டால் மெக்கானிக் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஓட்டாதே, ஓட்ட ஓட்ட இன்னும் தேயும், வேறு சாமான் வாங்கிப் போடும்வரை நிறுத்தி வை. கழுத்துக்கு வேறு சாமான் எந்தக் கடையிலும் கிடையாது. ஆகவே நான் கழுத்தை நிறுத்தி வைத்தேன்.

ஏழு மாதம். யாராவது கூப்பிட்டால் தலை திரும்பாது, மொத்த உடம்பும் திரும்பும். சாப்பிடும்போது தட்டை வாய்க்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன். செல்போனில் கழுத்துத் தேய்மானம் என்று தேடினால் ஒருவர் நரம்பு நசுங்கும் என்கிறார், இன்னொருவர் கை கால் விழுந்துவிடும் என்கிறார். காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகக் கால் விரல்களை ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால் இன்றைக்குத் தப்பித்தோம். எக்ஸ்ரே உறையை ஒரு மஞ்சப்பையில் போட்டு எங்கே போனாலும் கூடவே கொண்டுபோனேன். வழியில் விழுந்துவிட்டால் தூக்குகிறவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டுமே. அந்த உறைக்குள் இங்கிலீஷில் ஒரு தாளும் இருந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நான் யாரிடமும் காட்டவில்லை. படித்துச் சொல்லிவிட்டால் அப்புறம் அது உண்மையாகிவிடும் அல்லவா.

முதலாளி என்னைத் தார் சுற்றுகிற, அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றுகிற, மெஷினில் உட்கார வைத்தார். பாதிச் சம்பளம். என் நாலு தறிகளையும் மேலநீலிதநல்லூரிலிருந்து வருகிற ஒருவன் கையில் கொடுத்தார். ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் பார்ப்பேன், அதற்குப் பிறகு தறி அவனுக்குத்தான் என்று என்னை உட்கார வைத்தே சொன்னார். தார் சுற்றிக்கொண்டே எதிரே என் தறிகளை இன்னொருவன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குத் தலையைக்கூடத் திருப்ப வேண்டாம், நேர் எதிரேதான்.

வலி குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. பிடரியில் தொடங்கித் தோள்பட்டை வரை கயிறு முறுக்கியது போல இருக்கும். என் மனைவி சும்மா விடாமல் பனவடலிசத்திரத்துக்கு ஒருவரிடம் கூட்டிப் போனாள். பிறக்கும்போது அவருக்குக் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்கள். விளக்கெண்ணெய் தடவிக் குதிகாலால் தோளிலிருந்து பிடரி வரை நீவினார். ரெண்டு நாள் சுகமாக இருந்தது. மூன்றாம் நாள், தேய்ந்த எலும்பில் காலை வைத்தாரே என்று நினைத்ததும் வேர்த்துவிட்டது. இப்போது யோசித்தால் அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த மனுஷனாவது என்னைத் தொட்டார், அது காலாக இருந்தாலும்.

மனைவிக்கு மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்த மாதம் வரிசையில் நிற்கும்போது பிசியோதெரபி அறையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து என் பட்டையைப் பார்த்து நின்றார். சின்ன வயசுதான். எவ்வளவு நாளாகப் போட்டிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். உள்ளே வரச் சொல்லிப் பட்டையைக் கழற்றச் சொன்னார். நான் தயங்கினேன்.

"கழட்டுங்க" என்றாள் மனைவி. "குளிக்கையிலகூட தலைய ரெண்டு கையாலயும் ஏந்திட்டுத்தான நிக்கீய, கும்பம் எடுத்த மாதிரி."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் கைகளை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். முழங்கையிலும் முழங்காலிலும் சுத்தியலால் தட்டினார். குதிகாலில் நடக்கவிட்டார். விரல் மரத்துப்போகிறதா, ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் உறையை வாங்கி அந்தத் தாளைப் படித்தார்.

"இதுல மைல்டுன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. லேசானதுன்னு அர்த்தம். உங்க வயசுல வலியே இல்லாத ஆளுக்குப் படம் எடுத்தாலும் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும்."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஏழு மாதமாக என் பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது அந்த ஒரு சொல். அதைச் சொல்ல அந்த டாக்டருக்கு எவ்வளவு நேரமாகும்? கொட்டாவி விடும் நேரம் ஆகுமா? இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாத என்மேல் கோபம். தெரிந்தவர்களிடம் காட்டாத கோழைத்தனத்தின்மேல் அதைவிடக் கோபம். அந்தப் பெண்ணிடமே கத்தினேன். புஷ் தேய்ந்தால் ஓட்டக்கூடாது, அதனால்தானே நிறுத்தி வைத்தேன் என்றேன்.

"இரும்பு தேஞ்சா தேஞ்சதுதான். உடம்பு அப்படி இல்ல. நீங்க நிறுத்தி வச்சதுலதான் சதை இப்படி இறுகிக் கிடக்கு. ஆட்டணும் அண்ணாச்சி" என்றார்.

வாரம் ரெண்டு நாள் போனேன். குப்புறப் படுக்கவைத்துப் பிடரிக்குக் கீழே ஒவ்வோர் எலும்பின் மேலும் கட்டைவிரலை வைத்து மெதுவாக அமுக்கி அமுக்கி விடுவார். சலூனில் கழுத்தைச் சொடக்கு எடுப்பது போல முறித்துவிடுவாரோ என்று முதல் நாள் கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்படி எதுவும் செய்யவில்லை. வீட்டில் செய்வதற்குப் பயிற்சி கொடுத்தார். தாடையை உள்ளே இழுத்து ரெட்டைத் தாடை விழுகிற மாதிரி பிடித்து நிற்பது. நெற்றியில் உள்ளங்கையை வைத்துக் கை ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமும் தள்ளுவது. தோள்பட்டை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால் சேர்ப்பது. இதுதான் வைத்தியமா என்று அதற்கும் கோபப்பட்டேன்.

பத்து தடவை செய்யச் சொன்னால் பயத்தில் முப்பது தடவை செய்தேன். வலி கூடிவிட்டது. போச்சு, எலும்பு போய்விட்டது என்று மறுபடி பட்டையை மாட்டிக்கொண்டு ஒரு தடவை போகாமல் இருந்தேன். மனைவி அந்தப் பட்டையைப் பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டாள். அந்தப் பெண்ணிடம் போய் முப்பது தடவை செய்ததை ஒப்புக்கொண்டேன். பத்து என்றால் பத்துதான், வேலை பார்க்காத சதை வலிக்கத்தான் செய்யும், வலித்தால் முறிந்தது என்று அர்த்தமில்லை என்று திட்டினார். ஆறு வாரம் ஆனபோது இடது தோளை என்னால் பார்க்க முடிந்தது.

ஆடித்தபசுக்கு எட்டு நாள் இருந்தது. முதலாளியிடம் போய்த் தறியைக் கேட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்தாரா என்றார். பிசியோதெரபியில் எழுதிக் கொடுப்பார்கள் என்றேன். "அது பிடிச்சு விடுத பிள்ளதான வே. டாக்டர்ட்ட வாங்கிட்டு வா" என்றார்.

எந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று இருந்தேனோ அங்கேயே போனேன். டாக்டர் பழைய படத்தை வாங்கி, மறுபடியும் ஜன்னல் பக்கம் தூக்கினார். தேய்மானம் இருக்கத்தானே செய்கிறது, எப்படி எழுதிக் கொடுப்பது என்றார். என் நாக்கு அன்றைக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

"படத்தயே பாக்கீங்க சார். கழுத்து இங்கன இருக்கு."

அவர் படத்தைக் கீழே வைத்தார். எழுந்து வந்து என் தலையை ரெண்டு கையாலும் பிடித்து இடது பக்கமும் வலது பக்கமும் திருப்பினார், குனியவைத்தார், நிமிரவைத்தார். ஒரு முடிச்சுப் போடுகிற நேரம்தான் ஆனது. அவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் ஏழு மாதம். உட்கார்ந்து எழுதினார். நான் எழுந்திருக்கவில்லை. எழுதியதைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள் என்றேன். முகம் சிவந்தாலும் படித்தார், எல்லா வேலையும் பார்க்கலாம் என்று. லேசான தேய்மானம் என்று அன்றைக்கே தாளில் இருந்ததே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருப்பேனே என்றார். சொல்லவில்லை சார் என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

முதலாளி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரெண்டை எடுத்துக்கோ. மிச்சத்தப் பெறவு பாப்போம்" என்றார். நாலு கேட்டேன், ரெண்டு கிடைத்தது. மேலநீலிதநல்லூர்க்காரனுக்கும் குடும்பம் இருக்கிறது, அவன்மேல் குறை சொல்ல முடியாது. தபசு முடிந்து கார்த்திகையும் போய்விட்டது. அந்தப் பெறவு இன்னும் வரவில்லை.

அரைமணிக்கு ஒரு தடவை தறிக்கு நடுவில் நிமிர்ந்து நின்று தாடையை இழுத்துத் தலையை ரெண்டு பக்கமும் திருப்புகிறேன். பூம்பூம் மாடு வந்திருக்கு, அரிசி போடுங்க என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். முதலாளியும் ஒரு நாள் வந்து, இது என்ன வே கூத்து, நிறுத்தும் என்றார்.

"நிறுத்த மாட்டேன் முதலாளி. நிறுத்தித்தான் ரெண்டு தறி போச்சு" என்றேன்.