பிடரியில் ஒட்டிய கம்பி

கண்ணைச் சோதிக்கப் பிடரியில் ஏன் கம்பியை ஒட்டுகிறார்கள்? எண்பதுகளில், கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றின் குளிர் அறையில் இருந்தபோது என் மண்டைக்குள் ஓடிய கேள்வி அதுதான். பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு எப்போதும் விடுப்பு அறியும் ஆசைதான் முந்திக்கொண்டு வரும்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் என் இடக்கண்ணைப் புகை மூடியது. சிவப்புச் சேலை செங்கல் நிறமாகத் தெரிந்தது. பிறகு தானாகவே தெளிந்துவிட்டது. கல்முனையில் பார்த்த டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். மாமிக்கு அது போதும். சோம்பல் பிடித்த மருமகள் வேலைக்குப் பஞ்சிப்பட்டு நடிக்கிறாள் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். கால் பாரமாக இருக்கிறது என்று நான் சொன்னதையும் அதே நடிப்பில் சேர்த்துவிட்டார். என் கணவர் தாயின் பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. கடைசியில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. அதைத் தீர்க்கத்தான் அவரையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன்.

கண் வருத்தமெல்லாம் சூட்டினால் வருவது என்பது உம்மாவின் கட்சி. புறப்படும்போது உச்சி முதல் பிடரி வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறவிட்டுத்தான் அனுப்பினா. ஆஸ்பத்திரியில் தாதி மிஸ்ஸி என் முக்காட்டை விலக்கி, கம்பி நுனியில் இருந்த வில்லையைப் பசை வைத்து ஒட்டினாள். வழுக்கி விழுந்தது. மறுபடியும் ஒட்டினாள், மறுபடியும் விழுந்தது. சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தபடி என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சவுக்காரம் போட்டுத் தலையைக் கழுவிவிட்டாள். உம்மா பார்த்திருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பா.

பிறகு ஒரு கண்ணை மூடி, டீவிப் பெட்டிக்கு முன்னால் இருத்தினார்கள். அதில் மருதமுனைக் கைத்தறிச் சாரன் போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அசையக்கூடாது என்று மிஸ்ஸி அதட்டினாள்.

டாக்டர் தமிழர். கண் வாங்குவதைப் பிடரிப் பக்கத்து மூளைதான் பார்க்கிறது, அதனால்தான் கம்பி அங்கே என்றார். கடதாசியில் இரண்டு கோடுகளைக் காட்டினார். வலக்கண்ணின் கோட்டில் மேடு நேரத்துக்கு எழும்பியிருந்தது. இடக்கண்ணின் மேடு பிந்தியிருந்தது. நரம்பின் மேலுறை பழுதானால் சேதி பிந்துமாம். பார்வை தெளிந்த பிறகும் அந்தச் சுணக்கம் நிற்குமாம். நோய்க்கு ஏதோ ஓர் இங்கிலீசுப் பெயர் சொன்னார். கால் பாரமும் அதே நோய்தான், போகும், திரும்பி வரும், முற்றாக மாற்ற மருந்தில்லை என்றார்.

"இத நடிச்சுக் காட்ட ஏலுமா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"இப்பிடிப் பிந்த வைக்க உங்களால ஏலாது" என்றார்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் விசர் என்பீர்கள், எனக்குச் சந்தோசமாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர், தாயிடம் தானே எல்லாவற்றையும் விளங்கப்படுத்துவதாகச் சொன்னார்.

"நீங்க என்னை நம்பித்தானே இருந்தீங்க?" என்றேன். ஓம் என்பார் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இல்ல புள்ள" என்றார்.

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னபோது வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.