எட்டு மணிக்கு விடியும் ஊரில் ராகு காலம்

என் மருமகளுக்குப் பஸ் என்றால் உயிர். கல்யாணமாகிக் கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்த புதிதில் பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னாலிருக்கும் முதல் சீட்டில்தான் உட்காருவாள். வெளியே வேடிக்கை பார்க்க மாட்டாள். அந்த ஆள் எப்போது கண்ணாடியைப் பார்க்கிறான், எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறான் என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு வருவாள்.

"ஏம்மா, அவன் முதுகுல அப்படி என்ன படம் ஓடுது?" என்று கேட்டால், "நல்ல படம்தான் அத்தை" என்பாள்.

வேலையும் பஸ் டிப்போவிலேயே கிடைத்தது. ஆனால் ஓட்டுகிற வேலை இல்லை, கழுவுகிற வேலை. சாயங்காலம் வரிசையாக வந்து நிற்கிற பஸ்களில் வாளியும் துடைப்பமுமாக ஏறுவாள். சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற சூயிங்கத்தைத் தகட்டால் சுரண்டுவாள். யாரோ விட்டுப் போன ஒற்றைக் கையுறை, குடை, ஒரு தடவை பல் செட்டு, எல்லாவற்றையும் எடுத்து ஆபீஸில் கொடுப்பாள். கடைசியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் துடைப்பாள். அதற்கென்று தனியாக ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தாள். மற்றதெல்லாம் பத்து நிமிஷத்தில் முடியும், ஸ்டீயரிங் துடைக்க மட்டும் கால் மணி நேரம் ஆகும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி பேசுவார்களாம். இப்படி எட்டு வருஷம்.

அப்போதுதான் டிப்போவில் ஓர் அறிவிப்பு வந்தது. கார் லைசென்ஸ் உள்ள வேலைக்காரர்கள் யார் வேண்டுமானாலும் பெரிய பஸ் ஓட்டும் பரீட்சைக்குப் போகலாம். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தேறாவிட்டால் பழையபடி வாளிதான். முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். எனக்கு எழுத்து வராது. மணி பார்க்கத் தெரியும், ஏழு நாளுக்கும் ராகு காலம் மனப்பாடம். நம்ம ஊரிலிருந்து என் தம்பி வருஷா வருஷம் ஒரு நாள்காட்டி அனுப்புவான். அது சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தொங்கும். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் அது சொன்னதுதான் நடந்தது. அந்த ஃபிரிட்ஜைக் கொண்டுவந்த இரண்டு பேரைக்கூட முக்கால் மணி நேரம் மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். இன்று வரை அது ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை.

முதல் பரீட்சை நல்ல கோடையில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தது.

"வியாழக்கிழமை ஒன்றரையிலேர்ந்து மூணு வரைக்கும் ராகு காலம். ரெண்டு மணிக்குப் போய் வண்டியில கை வைப்பியா? போன் போட்டு மாத்து" என்றேன்.

அவள் தயங்கித் தயங்கி அவர்களிடம் கெஞ்சி மூன்றேகாலுக்கு மாற்றினாள். போனாள். எல்லாம் நன்றாக ஓட்டினாளாம். பஸ்ஸைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போது, எல்லைக்கு அடையாளமாக வைத்திருந்த ஒரு ரப்பர் கூம்பைச் சாய்த்துவிட்டாள். அவ்வளவுதான், போச்சு.

வீட்டுக்கு வந்து மஞ்சள் துணியை அலசிக் காயப்போட்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நேரம் நல்லாத்தானே இருந்தது, அப்புறம் எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"நேரம் நல்லாத்தான் இருந்தது அத்தை. எனக்குத்தான் கை சரியில்ல" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் செய்த கூத்தைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் ஒரு மூத்த டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டிப்போவுக்குள்ளேயே பஸ்ஸைப் பின்னால் எடுத்துப் பழகினாள். அது போதாதென்று கடைக்குப் போனால் தள்ளுவண்டியைப் பின்பக்கமாகவே இழுப்பாள். கையில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று. அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டப்பாவுக்கும் நடுவில் வளைத்து வளைத்துக் கொண்டுபோய் நிறுத்துவாள். ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

"இந்தப் பொம்பளை யாருன்னே எனக்குத் தெரியாது" என்று நான் சோப்புப் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

"தெரியாதவங்க வீட்டுச் சாமானும் இதுலதான் இருக்கு, வாங்க" என்பாள்.

குளிர்காலம் வந்தது. இரண்டாவது பரீட்சைக்குக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை எட்டேகால் மணி. நேரத்தை மாற்ற முடியாது. வராவிட்டால் வாய்ப்பு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். "போகக் கூடாது" என்றேன். "போவேன்" என்றாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் என்னை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. இரண்டு நாள் இரண்டு பேரும் ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான் பேசினோம். என் மகனைக் கூப்பிட்டால், "என்னை இதுல இழுக்காதீங்க" என்று குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வான்.

மூன்றாம் நாள் அவள் நாள்காட்டியை ஆணியிலிருந்து கழற்றினாள். எனக்குப் பகீரென்றது. அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள்.

"கேளுங்க அத்தை. 'இதில் கண்ட ராகு காலம் காலை ஆறு மணி உதயம் என்று வைத்துக் கணித்தது. அவரவர் இருக்கும் ஊரின் உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ளவும்.'"

"நீயா சேர்த்துப் படிக்கிறியா?"

"உங்க புள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்க."

குளியலறைக் கதவு திறந்தது. அவனும் அதையேதான் படித்தான். இருபத்திரண்டு வருஷம் மாட்டி வைத்த அட்டையை ஒருவரும் திருப்பிப் பார்த்ததில்லை. பொடி எழுத்தில் போட்டால் யார் படிப்பார்கள்? அது அச்சடித்தவன் குற்றம்.

"சரி அத்தை, இன்னைக்குக் காலையில நீங்க ஏழரைக்குக் காப்பி குடிச்சீங்க. விளக்கைப் போட்டுட்டுக் குடிச்சீங்களா, அணைச்சுட்டா?"

"போட்டுட்டுத்தான். வெளியே கும்மிருட்டு."

"சூரியனே இன்னும் வரலை. ராகு காலம் மட்டும் எப்படி வரும்?"

நான் தலைக்கு மேலிருந்த விளக்கை அண்ணாந்து பார்த்தேன்.

அவள் மேஜையில் எட்டு டம்ளரை வரிசையாக வைத்தாள். "இப்ப இங்க எட்டு மணிக்கு உதயம், நாலு மணிக்கு அஸ்தமனம். பகலை எட்டுப் பங்கு போட்டா பங்குக்கு ஒரு மணி நேரம். திங்கட்கிழமைக்கு ரெண்டாவது பங்கு." இரண்டாவது டம்ளரைக் கவிழ்த்தாள். "ஒன்பதிலேர்ந்து பத்து. நான் எட்டேகாலுக்கு ஆரம்பிக்கிறேன்."

முதல் டம்ளர் நிமிர்ந்து நின்றது. கண்ணுக்கு நேராகத் தெரிந்ததை எப்படி இல்லை என்பேன்? இருந்தாலும் விட எனக்கு மனசு வரவில்லை. "அப்ப கோடையில?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு இப்ப? விடுங்க" என்று டம்ளர்களை எடுக்கப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப அஞ்சு மணிக்கு விடிஞ்சுது, ஒன்பதுக்குத்தான் இருட்டினது" என்று மெல்லச் சொன்னாள். "ஒரு டம்ளருக்கு ரெண்டு மணி நேரம்."

வியாழக்கிழமைக்கு ஆறாவது பங்கு. விரல் வைத்து நானே எண்ணினேன். ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று. மூன்றிலிருந்து ஐந்து. இரண்டு மணிக்குப் போக இருந்தவளை மூன்றேகாலுக்கு மாற்றி, ராகு வாயிலேயே கொண்டுபோய் விட்டவள் நான்தான். நான் கேட்பதற்கு முன்பே அவள் இதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். சொல்லவில்லை.

அந்த ஆறாவது டம்ளரை எடுத்துப்போய்க் கழுவினேன். அதில் ஒருவரும் எதுவும் குடித்திருக்கவில்லை.

"திங்கட்கிழமை நானும் வரேன்" என்றேன், குழாயைப் பார்த்துக்கொண்டே.

போனோம். டிப்போவில் அவளுக்கான பஸ் கதவைத் திறந்தபடி தயாராக நின்றது. எட்டேகால் ஆயிற்று, பரீட்சை அதிகாரி வரவில்லை. வழியில் அவர் வண்டி நின்றுவிட்டதாம். எட்டரை. எட்டே முக்கால். ஆபீஸ் வாசலுக்கு மேலே பெரிய கடிகாரம். அதன் பெரிய முள் மேலே ஏற ஏற என் கைக்கடிகாரத்தோடும் ஒத்துப் பார்த்தேன். ஒன்பது அடித்தால் அந்தக் கவிழ்ந்த டம்ளர்.

என் முகத்தை அவள் பார்த்தாள். இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை உருவினாள். முன் கண்ணாடியைத் துடைத்தாள். இரண்டு பக்கக் கண்ணாடியையும் துடைத்தாள். ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைச் சுற்றி ஒரு துடை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அத்தை, வேலையை ஆரம்பிச்சுட்டேன். மணி பார்த்துக்கோங்க."

எட்டு ஐம்பது. எனக்கு மூச்சு வந்தது.

ஒன்பது இருபதுக்கு அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்தார். கண்ணாடியைப் பார்த்து ஏதோ சொன்னார். இவ்வளவு சுத்தமான பஸ்ஸில் நான் பரீட்சை வைத்ததே இல்லை என்றாராம். பஸ் வெளியே போயிற்று. நாற்பது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தது. கடைசியில் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். ஆறு கூம்பு. நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன். பஸ் வளைந்தது, மெதுவாக உள்ளே வந்தது, நின்றது. ஆறும் நின்றன.

"பார்த்தியா, நேரம்!" என்றேன் அவள் இறங்கியதும்.

"தள்ளுவண்டி அத்தை, தள்ளுவண்டி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. மஞ்சள் துணியால்தான்.

இப்போது அவள் காலையில் முதல் பஸ் ஓட்டுகிறாள். எத்தனை மணிக்கு விடிகிறது என்பது இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அதை நாள்காட்டித் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதி வைப்பாள். தெரிந்த நாலு குடும்பத்திலிருந்து ராகு காலம் கேட்டுத் தினம் போன் வரும். நான்தான் எடுத்துச் சொல்வேன். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டால், "கேட்டா சிரிப்பா" என்று சொல்லிவிடுவேன்.

போன வாரம் அவள் பஸ்ஸில் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. நிறுத்தத்தில் கதவு திறந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ராகு காலம் முடிய இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. படியில் கால் வைக்காமல் நின்றேன்.

"அத்தை, நீங்க நல்ல நேரம் பார்த்து ஏறுங்க. ஆனா பஸ் ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பிடும்" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே.

பஸ்ஸிலிருந்த ஜனங்கள் காத்திருந்தார்கள். கையில் வைத்திருந்த பையை முதலில் படியில் வைத்தேன். பிறகு யோசித்தேன், அதற்குள் ராகு காலத்தில் பை ஏறிவிட்டதே என்று. இனி என்ன, பைக்குத் துணையாக நானும் ஏறிவிட்டேன். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட் காலியாகத்தான் இருந்தது.